புதிய கடல்நீர்த் தொட்டியில் தோன்றும் சிற்றுயிர்கள்: அவற்றை இனங்காணும் முறை

கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியொன்றைப் பள்ளியிலோ மீன்வளப் பயிற்சி நிலையத்திலோ புதிதாக அமைப்பவர்கள், மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் பெரும்பாலும் ஒரே வகையான வியப்புக்கும் கலக்கத்துக்கும் ஆளாகின்றனர். அவர்கள் தொட்டியில் இட்டவை மணல், சில கற்கள், ஒரு பிடி கடற்பாசி ஆகியவையே. மீன் ஒன்றுகூட இன்னும் விடப்படவில்லை. ஆயினும் கண்ணாடியின் உட்புறத்தில் வெண்புள்ளிகள் தத்தித் திரிகின்றன. கல்லின் இடுக்கிலிருந்து மயிரடர்ந்த புழு ஒன்று தலையை நீட்டி மறைகின்றது. ஓரிடத்தில் பழுப்பு நிறப் பூப்போன்ற ஏதோ ஒன்று முளைத்திருக்கின்றது. தொட்டியில் நோய் புகுந்துவிட்டது என்று எண்ணி, நீரை முழுவதும் கொட்டிவிடுவோர் உண்டு. மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றுவோரும் உண்டு.

இவ்விரண்டு செயல்களும் தீமை பயப்பன. மயில்துத்தத்திலுள்ள தாமிரம் நல்லுயிர், தீயுயிர் என்ற வேறுபாடின்றி முதுகெலும்பற்ற பிராணிகள் அனைத்தையும் கொல்லும். கல்லிலும் மணலிலும் ஊறித் தங்கி, பின்னர் விடப்படும் இறால், நத்தை முதலியவற்றுக்கும் நஞ்சாகும். கொட்டிய நீரோ வாய்க்கால் வழியே கழிமுகத்தை அடையக்கூடும். அதனால் விளையும் கேட்டைக் கட்டுரையின் இறுதியில் காண்போம். தொட்டியில் தோன்றும் இச்சிற்றுயிர்களுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில, தொட்டியைத் துப்புரவு செய்யும் கூலியற்ற பணியாளர்கள். மிகச் சிலவே அகற்றப்பட வேண்டியவை. எது எவ்வகையினது என்று அறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

இவை எங்கிருந்து வருகின்றன?

நீரிலிருந்து தாமாகத் தோன்றுவன அல்ல. கல்லின் துளைகளிலும், சிப்பி ஓட்டின் மடிப்புகளிலும், பாசியின் வேரடியிலும், மணற்பருக்கைகளின் இடைவெளியிலும் இவை முட்டையாகவோ, இளவுயிராகவோ, முழுவளர்ச்சி பெற்றோ ஒட்டிக்கொண்டு வருகின்றன. கள்ளத்தனமாக வண்டியேறிவரும் பயணிகளுக்கு இவற்றை ஒப்பிடலாம். முதற் சில வாரங்களில் நீரில் அம்மோனியா மிகுந்திருக்கும். பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாக்டீரியாக்கள் பெருகி இம்மாற்றம் ஒழுங்காக நடைபெறத் தொடங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதற்கிடையில் கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்பு நிற டயாட்டம் படலம் படர்கின்றது. அப்படலம் உணவாகக் கிடைத்தவுடன், அதுவரை ஒளிந்திருந்த மேய்ச்சல் உயிர்கள் வெளிப்பட்டுப் பெருகுகின்றன. ஆகவே இவற்றின் தோற்றம் தொட்டி கெட்டதற்கு அடையாளமன்று. அது வாழத் தகுந்ததாகி வருவதற்கே அடையாளம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அயல்நாட்டு நூல்கள் பவளப்பாறையிலிருந்து எடுத்த 'உயிர்க்கல்'லைத் தொட்டியில் இடுமாறு கூறும். இந்தியாவில் அவ்வாறு செய்தல் குற்றமாகும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ஆம் ஆண்டில் பாறையமைக்கும் பவளங்களும் கடல் விசிறிகளும் கடல் அட்டைகளும் சேர்க்கப்பட்டன. கச்சு வளைகுடாவிலாயினும், மன்னார் வளைகுடாவிலாயினும், அந்தமான், இலட்சத்தீவுகளிலாயினும் பவளத்தையோ பவளக் கல்லையோ பெயர்த்தெடுத்தலாகாது. உலர்ந்த சாதாரணக் கற்களையும், உணவுக்குப் பயன்பட்ட சிப்பிகளின் ஓடுகளையும், ஏற்கெனவே நன்கு இயங்கும் ஒரு தொட்டியிலிருந்து பெற்ற ஒரு பிடி மணலையும் கொண்டே பாடத்திற்குப் போதுமான தொட்டியை அமைத்துக்கொள்ளலாம். அம்மணல் ஒன்றிலேயே இக்கட்டுரையிற் கூறப்படும் உயிர்களுட் பல வந்து சேர்ந்துவிடும்.

நோக்கும் முறை

பகலில் நோக்குவதால் பயன் குறைவு. இவற்றுட் பல இரவில் நடமாடுபவை. விளக்குகள் அணைந்து இரண்டு மணி நேரம் கழிந்தபின், டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டி நோக்குதல் வேண்டும். இவ்வுயிர்களுட் பல சிவப்பு ஒளியை நன்கு உணர்வதில்லை. ஆகவே அஞ்சி ஒளிவதில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி, கண்ணுக்கு மருந்திடும் சொட்டுக்குழாய், வெள்ளைப் பீங்கான் தட்டு, கறுப்புக் காகிதம் ஆகியவை போதும். வெண்ணிற உயிரைக் கறுப்புக் காகிதத்தின்மீது வைத்த கண்ணாடிக் கிண்ணத்திலும், கருநிற உயிரை வெள்ளைத் தட்டிலும் இட்டு நோக்குக.

முதலில் கவனிக்க வேண்டியது நிறமன்று, அசைவே. ஒரே இனத்தில் பல நிறங்கள் உண்டு. ஆனால் தத்துவது தத்தியே செல்லும். வழுக்கிச் செல்வது வழுக்கியே செல்லும். அடுத்துக் காணவேண்டியது உடலின் தட்டை: பக்கவாட்டில் அமுங்கியதா, மேலிருந்து கீழாக அமுங்கியதா என்பது. மூன்றாவது, அது எதன்மீது இருக்கின்றது என்பது. இம்மூன்றையும் நாளும் நேரமும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்தால், மாணவர்கள் பெயர் தெரியாமலேயே உயிர்களைச் சரியான தொகுதியில் சேர்க்கக் கற்றுக்கொள்வர். தொகுதியை அறிந்தால் போதும். சிற்றினப் பெயர் வேண்டியதில்லை. பல கணுப்புழுக்களைச் சிற்றினம்வரை பிரித்தறிதல் வல்லுநர்க்கே கடினமான பணியாகும். நம் நாட்டுக் கணுப்புழுக்களைப் பற்றி பிரெஞ்சு அறிஞர் ஃபோவெல் எழுதி 1953-இல் வெளிவந்த தொகுதியைப் புரட்டிப் பார்த்தவர்கள் இதை உணர்வர்.

தத்தும் புள்ளிகள்

கண்ணாடியில் முதலிற் காணப்படுபவை பெரும்பாலும் கோப்பிபாடுகளே. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள, சில வேளை அதனினும் சிறிய, வெண்புள்ளிகள் அவை. சிறிது தூரம் ஊர்ந்து, சட்டென்று ஒரு தத்துத் தத்தி, மீண்டும் ஊரும். பூதக்கண்ணாடியில் நோக்கினால் முன்புறம் பருத்து, பின்புறம் சிறுத்த கண்ணீர்த்துளி வடிவம் புலப்படும். வாலில் இரண்டு மெல்லிய இழைகள் இருக்கும். பெண்ணுயிர் முட்டைப் பையைச் சுமந்து திரிவதைக் காணலாம். இனத்திற்கேற்ப அப்பை ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் நாப்ளியஸ் என்னும் இளவுயிர் தாயைச் சிறிதும் ஒத்திராது. மும்முறை, நான்முறை என்றல்லாது பதினொரு முறை தோலுரித்தே அது முழுவளர்ச்சியை அடைகின்றது. வகுப்பறையில் வளருருமாற்றத்தைக் காட்டுவதற்குப் பட்டுப்புழுவுக்கு அடுத்தபடியாக இதைவிட எளிதிற் கிடைக்கும் உயிர் வேறில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கோப்பிபாடின் சிறுமையைக் கண்டு அதன் பெருமையை மறத்தல் கூடாது. கடலில் மிதந்து வாழும் விலங்குகளுள் எண்ணிக்கையில் மேலோங்கியது இதுவே. 1960-களின் முற்பகுதியில் பல நாடுகள் கூடி நடத்திய இந்து மகாசமுத்திர ஆராய்ச்சிப் பயணங்களில் திரட்டப்பட்ட மிதவையுயிர் மாதிரிகள், கொச்சியில் நிறுவப்பட்ட உயிரியல் நிலையத்தில் இனவாரியாகப் பிரிக்கப்பட்டன. அப்பணியில் ஈடுபட்டோர் மிகுதியாகக் கையாண்ட உயிர் கோப்பிபாடேயாகும். அதற்கு முன்னரே, 1925 முதல் 1933 வரை இந்திய விலங்கியல் அளவைத் துறையின் இயக்குநராக விளங்கிய சீமோர் சீவெல் இவ்வுயிர்களை விரிவாக ஆராய்ந்திருந்தார். மீன்குஞ்சுகளுக்கு இயற்கை அளித்த முதல் உணவு இது. தொட்டியில் இது பெருகினால் மகிழ்க. மீன்களை விட்டபின் இது தானே குறையும்.

எள் போன்ற இரட்டை ஓட்டுக்குள் அடங்கி, தத்தாமல் உருண்டோடுவன ஆஸ்டிரகாடுகள். இவற்றாலும் கேடில்லை. சற்றுப் பெரிதாக, அரைச் சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை வளர்ந்து, பக்கவாட்டில் அமுங்கி, இறாலின் வடிவில் வளைந்து, பாசியின் அடியில் ஒருச்சாய்ந்து ஓடுவன ஆம்பிபாடுகள். இவை அழுகும் உணவை உண்டு தீர்க்கும். நீரின் நடுவே கூட்டமாக ஓரிடத்தில் நின்று மிதப்பன மைசிடுகள். வாற்செதிலில் இரண்டு ஒளிரும் மணிகள் போல் சமநிலை உறுப்புகள் தெரிந்தால் மைசிடு என்று ஐயமின்றிக் கூறலாம்.

ஐசோபாடுகளிடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். ஈரச் செங்கலைப் புரட்டினால் அடியில் காணப்படும், தொட்டவுடன் உருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சியை மாணவர் அறிவர். அதன் கடலுறவினர்களே இவை. மேலிருந்து கீழாக அமுங்கியவை. கல்லின்மீது மெல்ல ஊர்ந்து, தொட்டால் பந்துபோல் சுருண்டுகொள்பவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் சுருளாமல், பெரிய கருங்கண்களுடன், நேர்கோட்டில் விரைந்து நீந்துவனவற்றை ஐயத்துடன் நோக்குக. சைரோலனிடு எனப்படும் இவ்வகையினுட் சில இரவில் மீனின்மீது தொற்றி அதன் தசையையும் குருதியையும் உண்ணும். காலையில் மீனின் செதிலடியில் புண் தென்பட்டால் இதை நினைவிற்கொள்க. கரையோர ஊழியர்கள் பிடிபட்ட மீனின் வாய்க்குள் நாக்கின்மீது அமர்ந்திருக்கும் ஒட்டுண்ணியைக் கண்டிருப்பர். அதுவும் ஐசோபாடு வரிசையைச் சேர்ந்ததே, ஆனால் வேறு குடும்பம்.

புழுக்களும் குழாய்களும்

தொட்டி வைத்திருப்போரை மிகுதியாக அச்சுறுத்துவது முள்மயிர்ப் புழு. கணுக்கணுவான உடல், ஒவ்வொரு கணுவின் இருபுறமும் மயிர்க்கற்றை. இரவில் இடுக்கிலிருந்து பாதியுடலை நீட்டி, மீந்த உணவை இழுத்துச் செல்லும். இது மீனைக் கொன்றதாகக் கூறப்படும் குற்றச்சாட்டு பெரும்பாலும் பொய்யானது. இறந்துபோன மீனை உண்ணுகையில் கண்டவர்கள் கொன்றதாகவே கருதிவிடுகின்றனர். இதன் தொகை மிகுமாயின், குறை புழுவினிடத்தில் இல்லை. அளவுக்கு மிஞ்சி உணவிடுபவரிடத்திலேயே உள்ளது. உணவைக் குறைத்தால் புழுவும் குறையும்.

ஆயினும் இதை வெறுங்கையால் தொடுதல் கூடாது. இந்து மகாசமுத்திரத்துக் கரைகளில் சாதாரணமாகக் காணப்படும் யூரிதோயி என்னும் நெருப்புப் புழுவின் வெண்மயிர்கள் உட்டுளை உடையவை. தொட்டவுடன் ஒடிந்து தோலில் தங்கும். எரிச்சலும் தடிப்பும் சில நாள் நீடிக்கலாம். அவ்வாறு நேரின், தேய்க்காமல், பசையுள்ள நாடாவை அவ்விடத்தில் ஒட்டி உரித்தால் மயிர்கள் நாடாவோடு வந்துவிடும். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்க. தலையில் ஐந்து உணர்கொம்புகள் தென்பட்டு, உடலில் வானவில்போல் பளபளப்பும் இருப்பின், அது யூனிசு வகையைச் சேர்ந்த, கடிக்கும் தாடைகளையுடைய புழுவாகும். இவ்வகையுட் சில மிக நீளமாக வளர்ந்து மீனையும் பிடிக்கும். அதனை மட்டும் அகற்றுக.

கண்ணாடியிலும் கல்லிலும் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள வெண்சுருள்கள் சுண்ணாம்புப் பொட்டுகள்போல் ஒட்டியிருப்பின் அவை ஸ்பைரார்பிடு புழுக்களின் வீடுகள். நத்தை என்று பலர் எண்ணுவர். அசையாது நோக்கியிருந்தால் சுருளின் வாயிலிருந்து சிறு இறகுக் கொத்து ஒன்று விரியும். நத்தைக்கு அது கிடையாது. சுரண்டியெடுக்க வேண்டியதில்லை.

குழாய் வடிவிலான மற்றோர் உயிரை இதனோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது. வெர்மிடிடு என்பது உண்மையிலேயே நத்தைதான். ஆனால் ஓரிடத்தில் நிலையாக ஒட்டிக்கொண்டு, ஓட்டைச் சுருளாகத் தொடங்கிக் குழாயாக நீட்டிக்கொள்வது. அது இறகுக் கொத்தை விரிப்பதில்லை. சிலந்தி நூல் போன்ற சளியிழைகளை நீரில் வீசி, அவற்றில் ஒட்டிய துகள்களோடு மீண்டும் உள்ளிழுத்து உண்ணும். இழைகள் அருகிலுள்ள உயிர்களின்மேல் படிந்து தொல்லை தரும். சொட்டுக்குழாயால் சிறிது உணவுப்பொடி கலந்த நீரை அருகில் விட்டுப் பார்க்க: இறகு விரிந்தால் புழு, இழை வந்தால் நத்தை. ஐயந்தீர்க்க இவ்வொரு சோதனை போதும். வெர்மிடிடு மிகுந்தால் குழாயின் வாயை ஒரு துளி பசையால் அடைத்துவிடலாம்.

பழுப்புப் பூ

தொட்டியில் தோன்றும் உயிர்களுள் உண்மையான களை என்று கூறத்தக்கது எய்ப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தி. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள, கண்ணாடி போன்று ஊடுருவித் தெரியும் பழுப்புத் தண்டு. அதன் உச்சியில் கூர்ந்த நுனிகளையுடைய நீண்ட உணர்விரல்கள். விரல் நிழல் பட்டாலும் நொடியில் சுருங்கி இடுக்கில் மறையும். அழகாக இருக்கின்றது என்று எவரேனும் அதை வளரவிட்டால், சில மாதங்களில் கல் முழுவதும் அதுவே நிறையும். அதன் கொட்டும் செல்கள் அருகிலுள்ள பிற உயிர்களை நலியச் செய்யும்.

இதைக் கண்டவுடன் கத்தியால் சுரண்டுவதே பலரின் இயல்பு. அதுவே இதைப் பெருக்கும் வழியுமாகும். பாதத்தட்டிலிருந்து கல்லில் தங்கிவிட்ட சிறு துணுக்கும் சில நாட்களில் புதிய உயிராக வளரும். உயிர் தானாக நகரும்போதே இவ்வாறு துணுக்குகளை விட்டுச் செல்லும் பழக்கமும் இதற்கு உண்டு. நசுக்கவும் கூடாது, கிள்ளவும் கூடாது. கல்லை வெளியே எடுக்க இயலுமாயின் எடுத்து நன்னீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவதே சிக்கனமான முறை. எடுக்க இயலாதபோது, நீரில் பிசைந்த சுண்ணாம்பைச் சொட்டுக்குழாயால் வாய்த்தட்டின்மீது விட்டு மூடலாம். ஒரே நாளில் பலவற்றுக்கு இவ்வாறு செய்தால் நீரின் காரத்தன்மை உயரும், ஆதலால் நாளொன்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பைக் கையாளும்போது கண்ணைக் காத்துக்கொள்க. பெர்கியா என்னும் ஓடற்ற கடல் நத்தை எய்ப்டேசியாவையே உணவாகக் கொள்வது. அயல்நாடுகளில் அதை இதற்கென்றே வளர்த்து விற்கின்றனர். ஒரு களையைப் போக்க அயலுயிர் ஒன்றை வரவழைத்தலை நாம் பரிந்துரைக்கவில்லை.

இத்தனை பழி சுமந்த இவ்வுயிர்க்கு ஆராய்ச்சிக்கூடங்களில் நல்ல மதிப்புண்டு என்பதையும் கூறுதல் முறை. இதன் பழுப்பு நிறம் உடலுக்குள் வாழும் நுண்பாசிகளால் ஏற்படுவது. பவளங்களுக்கும் அவ்வாறே. வெப்பம் மிகும்போது பவளங்கள் அப்பாசிகளை இழந்து ஏன் வெளுக்கின்றன என்பதை ஆராய்வோர், வளர்ப்பதற்கரிய பவளத்திற்குப் பதிலாக எளிதிற் பெருகும் எய்ப்டேசியாவைப் பயன்படுத்துகின்றனர்.

சிறு நட்சத்திரங்கள்

கண்ணாடியில் நட்சத்திரம் போன்ற ஏதேனும் தென்பட்டால் அது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். அகலமான, நீளத்தில் ஒன்றுக்கொன்று ஒவ்வாத கைகளுடன் கண்ணாடியோடு அப்பிக்கொண்டு மிக மெல்ல நகர்வது ஆஸ்டெரினா வகையைச் சேர்ந்த நட்சத்திர மீன். தன்னை இரண்டாகப் பிளந்து பெருகுவதாலேயே கைகள் ஒவ்வாதிருக்கின்றன. மெல்லிய, பாம்பு போல் நெளியும் கைகளை இடுக்கிலிருந்து நீட்டி அலைப்பது நொறுங்கு நட்சத்திரம். ஆறு கைகள் இருந்தால், கடற்பஞ்சுகளின் துளைகளில் வாழும் ஆஃபியாக்டிஸ் ஆகலாம். அதுவும் பிளந்தே பெருகும். மூன்றாவது, 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவில், நுனி கவைத்த பல விரல்களைக் கொண்டு கண்ணாடியில் நடக்கும் ஒருவகை ஹைட்ரோமெடூசா. அதாவது நீந்த மறந்த சொறிமீன். விரல்களை எண்ணிப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். இம்மூன்றாலும் பெருங்கேடு எதுவுமில்லை.

துருநிறத்தில், பின்புறம் மூன்று வால்மடல்களுடன், சில மில்லிமீட்டர் நீளத்தில் வழுக்கிச் செல்லும் தட்டைப்புழுக்கள் சில வேளை திடீரெனப் பெருகி ஒளிபடும் இடமெல்லாம் படரும். மருந்திட்டு ஒரே நேரத்தில் கொன்றால் அவை இறந்து சிதையும்போது வெளிவரும் பொருள்கள் மீனைப் பாதிக்கலாம். ரப்பர்க் குழாயால் நாள்தோறும் உறிஞ்சியெடுத்தலே தக்கது.

சிப்பி வளர்ப்புப் பணியிலுள்ளோர் மற்றோர் உயிரையும் அறிந்திருத்தல் வேண்டும். அரிசிக்குறுநொய் போன்ற வெண்ணிறக் கூம்பு நத்தைகள் சிப்பியின் ஓட்டு விளிம்பில் வரிசையாக அமர்ந்திருந்தால் அவை பிரமிடெல்லிடுகள். உறிஞ்சுகுழலைச் சிப்பியின் தசைக்குள் செலுத்தி அதன் சாற்றை உண்பவை. கண்ணாடியில் மேயும் நத்தைக்குஞ்சுகளை இவையென்று எண்ணிக் கொல்லுதல் அடிக்கடி நேர்வது. மேய்வது கண்ணாடியில் இருக்கும்; உறிஞ்சுவது சிப்பியை விட்டு அகலாது.

இரவில் தொட்டியிலிருந்து 'டக், டக்' என்ற ஒலி எழுந்து கண்ணாடி விரிசலுற்றதோ என்று அஞ்சச் செய்வதும் உண்டு. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சொடுக்கு இறாலின் வேலையாக அது இருக்கலாம். கொடுக்கை மூடும் விரைவில் நீரில் உண்டாகும் குமிழி வெடிப்பதே அவ்வொலி என்று 2000-ஆம் ஆண்டில் அதிவிரைவுப் படக்கருவியால் நிறுவப்பட்டது. காம்பின்மேல் அமைந்து தனித்தனியே சுழலும் கண்களும், மடித்து வைத்த தாக்குங்கால்களும் இருந்தாலோ அது ஸ்க்வில்லாவின் உறவினமாகும். மீனையும் நண்டையும் இரவுதோறும் இழக்க நேரிடும். ஒளிந்திருக்கும் கல்லை வெளியிலெடுத்து, ஹைட்ரோமீட்டர் 1.035 காட்டுமளவு உப்பேற்றிய நீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தினால் இடுக்கிலுள்ளவை வெளிவந்துவிடும். தொட்டிநீரின் அளவு 1.025-ஐ ஒட்டியது என்பதை நினைவிற்கொண்டால் இச்செறிவு அவற்றுக்கு எத்துணைத் தாங்கவொண்ணாதது என்பது புலனாகும்.

கைக்கும் மூச்சுக்கும் காப்பு

தேவையற்ற உயிர்களைக் கொல்வதற்குக் கல்லை நீரிலிட்டுக் கொதிக்கவைக்கும் வழக்கம் சிலரிடத்தில் உள்ளது. இதை எக்காரணத்தாலும் செய்தல் கூடாது. பொத்தான்களை நெருக்கமாகப் பதித்தாற் போல் கல்லில் படரும் சோவாந்திடு உயிர்களுட் பாலித்தோவா என்னும் வகை, பாலிடாக்சின் என்னும் கடுமையான நஞ்சைக் கொண்டிருக்கக்கூடும். ஹவாய்த் தீவின் பாலித்தோவாவிலிருந்து மூரும் ஷாயரும் அதனைப் பிரித்தெடுத்து 1971-இல் வெளியிட்டனர். இவ்வுயிர்கள் நம் நாட்டுப் பாறைக்கரைகளிலும் உண்டு. இவை படர்ந்த கல்லைக் கொதிக்கவைத்தபோது எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனை சேர்ந்தோர் அயல்நாடுகளிற் பலர். கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் ஆபத்தே. தெறிக்கும் துளி கண்ணிற் பட்டால் பார்வை கெடும். ரப்பர்க் கையுறையும் கண்காப்பும் இன்றி இவற்றை அணுகலாகாது. மாணவரைக் கொண்டு இவ்வேலையைச் செய்விக்கவே கூடாது.

கூம்பு வடிவமுடைய அழகிய நத்தை எதுவாயினும், ஓடு வெறுமையானது என்று உறுதியாகும்வரை தொடவேண்டாம். கூம்பு நத்தைகள் நச்சம்பு எய்பவை. அவற்றுட் சிலவற்றின் நஞ்சு மனிதரையும் கொல்லவல்லது.

அகற்றியவற்றை எங்கே விடுவது?

அகற்றிய உயிரைக் கொல்ல மனமின்றிக் கடலிலேயே விட்டுவிடுவோம் என்று மாணவர் கூறுவர். இரக்கம் நன்றே, ஆயினும் கடலில் விடுதல் தகாது. தொட்டியில் உள்ளது எக்கடலிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் அறியமுடியாதது.

1984-ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டின் கடலாராய்ச்சி அருங்காட்சியகத்தின் அடியில், தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் பாசி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. 1989-இல் அது ஒரு ஹெக்டேர் அளவாயிற்று. பின்னர் மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளிலும் படர்ந்தது; இன்றுவரை ஒழிக்க முடியவில்லை. அதே பாசி 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் உப்பங்கழியொன்றில் தென்பட்டபோது, உடனே தார்ப்பாயால் மூடி அடியில் குளோரினைச் செலுத்தி ஆறாண்டு முயன்று, 2006-இல் ஒழிந்ததாக அறிவித்தனர். காலத்தே கண்டதனால் மட்டுமே அது முடிந்தது.

நம் கரையிலும் சான்று உண்டு. அமெரிக்காவின் வெப்பக்கடல் பகுதியைத் தாயகமாகக் கொண்ட மைட்டிலாப்சிஸ் சாலி என்னும் சிறு மட்டி 1967-ஆம் ஆண்டில் விசாகப்பட்டினம் துறைமுகத்தில் காணப்பட்டது. அது தொட்டி வழி வந்ததன்று, கப்பல் வழி வந்தது; எனினும் ஒட்டிவரும் சிற்றுயிரின் ஆற்றலை அது காட்டும். துறைமுகச் சுவர்களிலும் மிதவைகளிலும் அடர்ந்து படிந்து, பிற ஒட்டுயிர்களை ஒதுக்கித் தள்ளியது. அதே மட்டி 1999-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் தென்பட்டபோது, மூன்று படகுத்துறைகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கலந்து அந்நீரிலிருந்த உயிரனைத்தையும் அழித்தே அதைப் போக்க நேர்ந்தது. கட்டுரையின் தொடக்கத்தில் தொட்டிக்கு வேண்டாமென்று விலக்கிய அதே மருந்து!

ஆதலின் பின்வருமாறு செய்க. புதிதாகக் கொணர்ந்த கல், ஓடு, பாசி எதுவாயினும் முதல் நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து நோக்குக. அகற்றிய உயிர்களில் ஒன்றை மாதிரியாகச் சாராயத்தில் இட்டு, பிடித்த நாளும் இடமும் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போடுக. மையால் எழுதினால் கரையும், பென்சிலால் எழுதுக. எஞ்சியவற்றை உறையவைத்தோ நன்னீரிலிட்டோ கொன்று மண்ணிற் புதைக்க. வெளியேற்றும் தொட்டிநீரில் சலவைத்தூள் கரைத்து ஒரு நாள் வைத்திருந்து, கிணற்றுக்கும் செடிகொடிகளுக்கும் எட்டாத இடத்தில், கடலுக்கோ கழிக்கோ செல்லும் வாய்க்காலுடன் தொடர்பில்லாத குழியில் ஊற்றுக. கற்களை நன்னீரில் ஒரு வாரம் ஊறவைத்த பிறகு நான்கு வாரம் நேர்வெயிலில் உலர்த்துக. மழைக்காலமாயின் உலர்த்தும் காலத்தை இரட்டிப்பாக்குக. இடையில் ஒரு மழை நனைத்தாலும் நாட்களை முதலிலிருந்து எண்ணுக.